பாலாடையில் வாங்கிய சொட்டு மருந்து

அந்த நர்ஸ் மேல் பொய்ப்புகார் எழுதினது நீங்கள்தான், ஸார். வெந்நீர் ஊற்றின கை என்னுடையது. அதனால்தான் இதை நான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கான போலியோ சொட்டு மருந்து முகாம் குடியிருப்போர் சங்கத்தின் முன்னறையில் நடந்தது. ஸார் சங்கத் தலைவர், காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தி ரிடையர் ஆனவர். நான் உதவிக்குப் போனவள். மார்கழி மாசம், ஆனாலும் காலை பத்து மணிக்கே ரவிக்கை முதுகில் ஒட்டியது. நர்ஸ் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க்காரி. ஐஸ் பெட்டியை வெயில் படாமல் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் தெருவுக்கு எச்சில்தான் பெரிய விஷயம். ஒரே குப்பி, இருபது வாய். குப்பியின் நுனி எந்த உதட்டிலும் படவில்லை, நர்ஸ் மேலே தூக்கித்தான் விட்டார். அது போதவில்லை. தாய்மார்கள் வீட்டிலிருந்து குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடையைக் கொண்டுவந்து, சொட்டை இதில் விடுங்கள், நாங்களே புகட்டிக்கொள்கிறோம் என்றார்கள். அவரும் சரியென்று விட்டார். பக்கத்து மேஜையில் ஸார் இன்னொன்று செய்யச் சொன்னார். சொட்டோடு கொஞ்சம் வெந்நீர் கலந்தால் தீட்டும் போகும், கிருமியும் போகும் என்றார். ஃபிளாஸ்கைத் திறந்து ஊற்றினேன். என் அக்கா பெண்ணுக்கும் அப்படித்தான் கொடுத்தேன்.

ஏழெட்டுக் குழந்தைகளுக்குப் பிறகுதான் நர்ஸ் ஆவியைப் பார்த்தார். குப்பியை மூடிவிட்டார்.

"சாரே, சூடு பட்டா இந்த மருந்து செத்துப்போவும். பிள்ளைங்க குடிச்சது வெறும் தண்ணி."

"முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவன்கிட்டயா? வெந்நீர் கிருமியைத்தானே கொல்லும்?"

"அந்தக் கிருமிதான் சாரே மருந்து."

"அப்போ எங்காத்துக் கொழந்தைகளுக்குக் கிருமி கொடுக்கத்தான் வந்தியா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தக் குழந்தைகளுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். யாரும் அசையவில்லை. அடுத்த இரண்டு நாளும் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். இரண்டே வீடுகளில் கதவைத் திறந்தார்கள். அதில் ஒன்று எங்களுடையது, அதுவும் அக்காவிடம் நான் உண்மையைச் சொன்னதால்.

அதற்குள் ஸாரின் புகார் சுகாதார ஆபீஸுக்குப் போய்விட்டது. அந்த வருஷத்துச் சூட்டில் மருந்து கெட்டுப்போயிருந்தது, கேட்டதற்கு நர்ஸ் பெரியவர்களை அவமதித்தாள் என்று. முழுப்பொய். குப்பி மேல் ஒரு சின்னச் சதுரம் உண்டு. சூடு ஏறினால் கறுக்கும். ஒவ்வொரு குப்பியையும் திறக்கும் முன்னால் அதை எங்களுக்குக் காட்டினார். வெளுப்பாகத்தான் இருந்தது. ஸாரும் பார்த்தார். கெட்ட மருந்து என்ற பேச்சு தெரு முழுக்கப் பரவி, அடுத்த முகாமுக்கு மூன்றே குழந்தைகள் வந்தன. நர்ஸை மாற்றினார்கள். பதவி உயர்வும் நின்றது.

அன்று சூட்டைக் காரணம் காட்டினவர், இப்போது சங்க மலரில் பூமி சூடாகிறது என்பதே கட்டுக்கதை என்று எழுதுகிறார். அதையும் நம்புகிறார்கள். பேராசிரியர் சொல்கிறாரே.

போன மாசம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நர்ஸைப் பார்த்தேன். தலை முழுக்க நரை. இன்னும் சில மாசத்தில் ரிடையர் ஆகிறாராம். அந்தப் புகார் இன்னும் ஃபைலில் கிடக்கிறதாம். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க ஒரு ஆளாவது அன்னைக்கு வாயத் தொறந்திருக்கலாம், கேட்டீங்களா," என்றார். சத்தம் கூட்டவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

பார்த்ததை எழுதி அவருடைய ஆபீஸில் கொடுத்தேன். புகார் எழுதினவரே வாபஸ் வாங்கினால்தான் முடியும் என்றார்கள். ஸார் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். பூஜையில் இருக்கிறார் என்றார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அந்தத் தாய்மார்கள் வருவார்கள், நானும் வருவேன். மைக்கைப் பிடித்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள், ஸார்: அந்தச் சதுரம் வெளுப்பாக இருந்ததா, இல்லையா?