சுமதி உச்சியில் உட்கார்ந்துவிட்ட ஞாயிறு

நான் இரவு வேலை, மனைவி சுமதி பகல் வேலை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாட்ஸப்பில் பேசிக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. பெப்ரவரி தொடக்கத்தில் ஒரு ஞாயிறு இருவருக்கும் ஓய்வு கிடைத்தது. நான் தூங்கலாம் என்றிருந்தேன். அவள் பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்ட் வகுப்புக்கு எங்கள் இரண்டு பேரின் பெயரையும் பதிந்துவிட்டாள்.

"உமக்கென்ன விசரோ? எனக்கு ஐம்பத்தொரு வயசு."

"எனக்கு நாப்பத்தாறு. சப்பாத்தைப் போடுங்கோ."

கனடாவில் நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்பினோம். பதினைந்தாம் நெடுஞ்சாலையில் வடக்கே பனிமலைக்கு எழுபது கிலோமீற்றர், காரில் ஒரு மணி நேரம். பலகை, பூட்ஸ், வகுப்பு, மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நூற்றுப்பத்து டொலர். பூட்ஸை இறுக்கவே எனக்கு மூச்சு வாங்கியது.

வகுப்பில் ஏழு பேர். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிவிட்டால் மனிதன் மூட்டையாகிவிடுகிறான். மதியம்வரை விழுந்தேன், அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. வகுப்பு முடிந்ததும் உணவுக்கூடத்தில் போய்ச் சரிந்தேன். சுமதி தனியாக லிஃப்டில் ஏறினாள். என்னைக் கூப்பிட்டாள், நான் கையசைத்து அனுப்பிவிட்டேன்.

எங்கள் வகுப்பிலிருந்த ஜினெத் எதிரே வந்து உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியவர். இளமையில் பழகியதை மறுபடி பிடிக்க வந்திருந்தார். எண்பதுகளில் பல மலைகளில் பலகையோடு போனால் லிஃப்ட் டிக்கெட் கொடுக்கமாட்டார்களாம். இரட்டைக் கட்டையில் சறுக்கும் பனிச்சறுக்குக்காரர்களுக்கு இவர்கள் ரவுடிகள். அதனால் பலகையைத் தோளில் சுமந்து நடந்தே ஏறி, ஒரு தடவை சறுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்களாம். "ஒரு தடவைக்காகவா?" என்றேன். "வேறென்ன?" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார்.

இந்த விளையாட்டு பிறந்ததே விளையாட்டாகத்தான். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தகப்பன், மகள் நின்றபடி சறுக்குவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பூட்டினார். அது முதலில் கடைகளில் பொம்மையாக விற்றது. 1998இல் ஜப்பானின் நகானோவில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. முதல் தங்கம் ஒரு கனடியருக்கு.

அப்போது போன் அடித்தது. சுமதி.

"இஞ்சருங்கோ, என்னால இறங்கேலாது. உச்சியில இருக்கிறன்."

"மலையில மீட்புக்கு நிக்கிற பட்ரோல்காரரைக் கூப்பிடும்."

"அவையள் வந்தவை. சறுக்குவண்டியில ஏத்தப் பாத்தினம். நான் மாட்டன் எண்டிட்டன்." பிறகு கேட்டாள்: "நீங்கள் வாறீங்களோ?"

உடம்பு முழுக்க வலி. ஆனாலும் எழுந்தேன். லிஃப்டிலிருந்து இறங்கும்போது விழுந்ததால், எனக்காக முழு லிஃப்டையும் நிறுத்தினார்கள். சுமதி மரவேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், கண்ணிமையில் பனி உறைந்திருந்தது. பக்கத்தில் போய் விழுந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்லமுடியாது.

"சறுக்கிறது எனக்கு முக்கியமில்லை," என்றாள். "உங்களோட ஒரு நாள் இருக்கத்தான் வந்தனான். நீங்கள் கீழ இருந்திட்டீங்கள்."

முழங்காலூன்றி எழுந்தேன். "எழும்பும்," என்றேன். "கையைத் தாரும்."

முகத்துக்கு முகம் பார்த்து, கைகளைப் பிடித்துக்கொண்டு, அடி அடியாக வழுக்கி இறங்கினோம். ஒருவர் விழுந்தால் மற்றவரும் விழுந்தோம். ஐந்து வயதுக் குழந்தைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாதிவழியில் சுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு எனக்கும். பத்து நிமிடப் பாதைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

போக நினைப்பவர்களுக்கு: ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம் எடுங்கள். கையுறை இரண்டு சோடி வேண்டும். பலகையை நிறுத்தத் தெரியும்வரை உச்சிக்கு ஏறாதீர்கள். அடுத்த நாள் வேலை வைக்காதீர்கள், நான் வைத்திருந்தேன்.

விழுந்ததில் சுமதியின் முழங்காலில் வந்த வீக்கம் இன்னும் வற்றவில்லை. நேற்று அவள் இணையத்தில் பழைய பலகைகளின் விலை பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு. மறுத்துப் பேசலாம்தான். களைப்பாக இருந்தது, என்னுடைய பூட்ஸ் அளவைச் சொன்னேன்.