மஃரிபுக்குப் பிறகு இறங்கும் சுரம்

மாலை ஆறு இருபது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து அறைக் கதவைத் தள்ளியபோது முதலில் கண்ணில் பட்டது, நான்கு கண்ணாடி வால்வுகளின் செம்மஞ்சள் வெளிச்சம். மின்குமிழை அணைத்திருந்தார்கள். பெட்டியின் முன்னால் மச்சான் குந்தியிருந்தார். அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி, பிளாஸ்டிக் கதிரையில் என் தங்கை. இருவருக்கும் நடுவே ஒரு சாரன் துணியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். உள்வீட்டுக் கதவுத் திரைக்கு அப்பால் உம்மாவின் கால்கள் தெரிந்தன. அவை நகரவில்லை.

மச்சான் என்றால் என் அக்காவான ராத்தாவின் கணவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். பகலில் கல்முனை பஸாரில் கைத்தொலைபேசி திருத்தும் கடை. மாலையில் வானொலி நாடகங்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் பின்னணி இசை. அவர் கொண்டுவந்தது இரண்டு உடுப்புப் பை, ஒரு மல்டிமீற்றர், இந்தப் பெட்டி. ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத சிந்தசைசர். பழைய ரேடியோக்களில் இருந்ததைப் போன்ற வால்வுகள்தான் அதற்குள் ஒலியை உண்டாக்கின. வெளிநாட்டில் கப்பல் பட்டறையொன்றில் வேலை செய்த ஒருவர் கொண்டுவந்து, வாசிக்கத் தெரியாமல் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. அதில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினால், முடிகிற இடத்தில் அது ஒரு இழை கீழே இறங்கும். கொழும்பில் தொடர் எடுப்பவர்கள் அந்த இறக்கத்துக்காகவே இவரைத் தேடி வந்தார்கள்.

அந்தக் கிழமை நான் பத்திரிகை வேலையில் லீவு போட்டு வந்ததற்குக் காரணம் தங்கையின் கல்யாணப் பேச்சு. மருதமுனையில் கைத்தறித் துணி வியாபாரம் செய்யும் குடும்பம். நல்ல இடம், வாத்தியம் மார்க்கத்துக்கு ஆகாது என்று நினைக்கும் பேணுதலான ஆட்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டின் வடக்குப் பாதி ராத்தாவுக்குச் சீதனமாக எழுதியாயிற்று, தெற்குப் பாதி தங்கைக்கு. பெட்டி இருந்த அறை தெற்கில். கல்யாணம் பேசியவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டிருந்தார்: “ஊட்டுக்குள்ள மியூசிக் சாமான் இரிக்காமே? மாப்பிள்ளைட வாப்பா கேட்டார்.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

உம்மா மச்சானோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. சண்டையில்லை, மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையிலான மரியாதை அது. திரைக்குப் பின்னால் நின்று, மூன்றடி தூரத்தில் இருக்கும் மருமகனுக்கு மகள் வழியாகச் செய்தி அனுப்புவார்.

“மகள், மருமகன்ட்டச் சொல்லு, வெள்ளிக்கிழம ஆக்கள் வாறாங்க எண்டு.”

“மாமிட்டச் சொல்லு, நான் பாத்துக்கிறன் எண்டு.”

நடுவில் நின்ற ராத்தா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் காது கேக்குதுதானே” என்று குசினிக்குள் போய்விட்டாள். வேறொரு நாளென்றால் சிரித்திருப்போம்.

மச்சான் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். வால்வு சிந்தசைசரின் ஒலியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்கள் வந்திருந்தன. பொறியியலாளர்கள் உண்மையான இயந்திரத்தை அளந்து, வால்வு சூடாவதையும் திணறுவதையும் கணக்காக்கி எழுதியவை. பரீட்சித்துப் பார்க்க விடும் மூன்றை அவர் லெப்டொப்பில் இறக்கினார். ஒன்று பெட்டிக்கு ஈடாக நின்றுவிட்டால் பெட்டி வீட்டைவிட்டுப் போகும், காரைதீவில் சங்கீதம் படிப்பிக்கும் சேர் ஒருவர் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். லெப்டொப்பை யாரும் வாத்தியம் என்று சொல்லமாட்டார்கள். எதுவும் ஈடாகாவிட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் காலை முழுவதும் ஒப்பிட்டார். முதலில் எல்லாவற்றின் சத்தத்தையும் மீற்றர் வைத்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். கொஞ்சம் உரத்துக் கேட்பது எப்போதும் நல்லதாகவே கேட்கும், அதில் ஏமாறக்கூடாது என்றார். பிறகு அதே சுரம், அதே நீளம், அதே ஸ்பீக்கர். முதலாவது மென்பொருள் கீழ்ச் சுரங்களில் நன்றாக இருந்தது, மேலே போகப்போகத் தகரத்தில் கீறுவது போன்ற ஓர் ஓரம் வந்தது. இரண்டாவது, மெதுவாக வாசிக்கும்வரை சரி. அழுத்தி வாசித்தால் வால்வு கனத்துத் தடிக்க வேண்டிய இடத்தில் அது பொரிந்தது. மூன்றாவதில் அவர் நெடுநேரம் நின்றார். லெப்டொப்பின் விசிறி இரைய, இடைக்கிடை சத்தம் வெட்டுப்பட்டது. வெட்டுப்படாத இடங்களில் பெட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றி வாசித்துக் கேட்டார். பாதிக்கு மேல் பிழையாகச் சொன்னேன்.

“பேப்பர்காரனுக்குக் கண் மட்டும்தான். காது பூட்டிக் கிடக்கு” என்றார்.

பிறகு வாசிக்கும் வேலையை என்னிடம் தந்துவிட்டு அவர் திரும்பி உட்கார்ந்தார். அவரும் பிழையாகச் சொன்னார். எழும்பி, காரைதீவுச் சேருக்கு அழைப்பெடுத்து, வியாழன் காலை பெட்டி வரும் என்றார். திரைக்குப் பின்னால் உம்மா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

புதன் மாலை, தேநீர் கொண்டுவந்து வைத்த தங்கைதான் அதைக் குழப்பினாள். மூன்றாவது மென்பொருளில் மச்சான் தொடரின் தொடக்க இசையை வாசித்துக்கொண்டிருந்தார். அவள் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“மச்சான், இது பெட்டி இல்லயே.”

“காலையில உன்ர காக்காவும் நானும் கேட்டுக் களைச்சிட்டம் புள்ள. ரெண்டும் ஒண்டு.” காக்கா என்றது அண்ணனான என்னை.

“காலையில ஒண்டா இரிக்கும். இந்த நேரத்தில பெட்டி இப்பிடிக் கேக்காது. நான் குசினிக்குள்ள இருந்து எத்தின வருசம் கேட்டிருப்பன்.”

அப்படித்தான் சாரன் கயிற்றில் ஏறியது. நான் கதவைத் தள்ளியது அப்போது.

மச்சான் ஒரு சுரத்தை அழுத்தினார். “இது?”

“லெப்டொப்.”

“இது?”

“பெட்டி.”

“இது?”

“திரும்பவும் பெட்டி. ஏமாத்தப் பாக்காதீங்க.”

அவள் ஒருமுறையும் பிழையாகச் சொல்லவில்லை. மச்சான் லெப்டொப் பக்கம் திரும்பினார். மூன்றாவது மென்பொருளில் சுரத்தை அலைய விடும் ஒரு குமிழ் இருந்தது. அதைத் திருப்பி மறுபடி வாசித்தார். அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “இது நித்திரையில நடக்கிற ஆள் மாதிரி. பெட்டி அப்பிடியில்ல. பெட்டி களைச்சுப்போய்ப் பாடும். லெப்டொப்புக்குக் களைப்பே இல்ல.”

திரைக்கு அப்பாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. “ரெண்டும் ஒண்டு எண்டு சொல்லிட்டு எழும்பியிருந்தா முடிஞ்சிரிக்கும். ஆர்ர கலியாணம் எண்டு மறந்திட்டாளா?”

“கேட்டதத்தானே உம்மா சொன்னன்.”

மச்சான் எழும்பினார். மல்டிமீற்றரை எடுத்துச் சுவரிலிருந்த பிளக்கில் இரண்டு முனைகளையும் செருகினார். காலையில் சத்தத்தைச் சமப்படுத்தியபோதும் இப்படி அளந்திருந்தார், அப்போது இருநூற்று முப்பது வோல்ட்டுக்கு மேல். இப்போது நூற்றுத் தொண்ணூற்றாறு. ஊர் முழுக்க விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டர், கடைகளின் குளிர்பெட்டி எல்லாம் ஓடும் நேரம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு மோட்டர் உறுமத் தொடங்கியது. எண் இன்னும் இறங்கியது. வால்வுகளின் வெளிச்சம் ஒரு நிழல் மங்கியது. அவர் விரலை எடுக்காமல் பிடித்திருந்த சுரமும் கூடவே இறங்கி, மெல்ல மேலே வந்தது.

எனக்கும் அது கேட்டது.

“அவனுகள் அளந்தது அவனுகள்ட கரண்ட்டில” என்றார் மச்சான், மீற்றரைப் பார்த்தபடி. “நான் வாசிச்சது நம்மட கரண்ட்டில. கட பூட்டி வந்துதானே எல்லாம் வாசிச்சன். பகல்ல ஒரு நாளும் வாசிச்சதில்ல.”

பெட்டியின் எல்லாச் சுரங்களையும் இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

“பதியலாம் மச்சான். பதிஞ்சா அது ஒரு பின்னேரம்தான்” என்றார். அவருக்கு நானும் மச்சான்.

சாரனை அவிழ்த்து மடித்தார். தங்கை தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது அவள் முகம் சரியாக இல்லை. இஷா தொழுகைக்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். பெட்டியை ராத்தாவின் பக்கம் ஒதுக்கலாமா, போர்வையால் மூடி அலுமாரி என்று சொல்லலாமா, வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று எனக்குள் மாறி மாறி ஓடியது. மச்சானைப் பார்த்தால் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியவில்லை. உள்ளே உம்மா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார் என்று ராத்தா பிறகு சொன்னாள்.

வியாழன் சுபஹு தொழுகை முடிந்து வந்தபோது வாசலில் ஓட்டோ நின்றது. மச்சானும் ஓட்டோக்காரரும் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தங்கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான் சொன்னதுக்காகவா மச்சான்?” என்றாள்.

“நீ சரியாச் சொன்னாய் புள்ள. இது வேற கத.”

அப்போது திரை விலகி, மடித்த தடித்த படுக்கை விரிப்பொன்று வெளியே நீண்டது. பின்னாலேயே உம்மாவின் குரல். இந்த முறை நடுவில் ராத்தா இல்லை.

“மருமகன், கண்ணாடிச் சாமான். இதச் சுத்தி எடுங்க.”

மச்சான் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் தெற்கு அறையில் ஒரு மேசையையும் லெப்டொப்பையும் கண்டார்கள். மாப்பிள்ளையின் வாப்பா, “மருமகன் கொம்பியூட்டர் வேலையா?” என்று கேட்டார். “ஓம்” என்றார் மச்சான். வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். போகும்போது நாள் குறிப்பதைப் பற்றிக் கதைத்தார்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டின் நடுவில் இப்போது கல்லுச் சுவர். தெற்கில் தங்கையும் அவள் கணவரும், அவர்களோடு குடிமாறிய உம்மாவும். வடக்கில், ராத்தாவின் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், மச்சானின் மேசை. மூன்றாவது மென்பொருளைத்தான் வைத்திருக்கிறார், விசிறி இரையாத புது லெப்டொப்பில். மாலையில் வலக்கையால் வாசிக்கும்போது அவரது இடக்கை சுருதிக் குமிழின் மேல் இருக்கிறது. சுரம் முடிகிற இடத்தில் அதை ஒரு மயிரிழை கீழே திருப்புகிறார். பக்கத்து வீட்டு மோட்டர் தொடங்கினால் இன்னும் கொஞ்சம். தொடர் எடுப்பவர்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

சுவருக்கு அப்பாலிருந்து தங்கையின் குரல் மட்டும் வரும். “மச்சான், இண்டைக்குக் கூட இறக்கிட்டீங்க!”

“உனக்குக் காதா, மீற்றரா?” என்று இவர் திரும்பக் கத்துவார்.

மறுநாள் பின்னேரம் அவரோடு காரைதீவுக்குப் போனேன். சேர் எங்களை முன்னறையில் இருத்தி, உம்மாவின் விரிப்பை நீக்கி, சுவிட்சைப் போட்டார். நான்கு வால்வுகளும் மெல்லச் சிவந்து, பிறகு செம்மஞ்சளாகி நின்றன. அசையாத வெளிச்சம். மேசையின் கீழே புதிதாக ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு சேர் சொன்னார்: “ஸ்டெபிலைசர். இப்பிடிப்பட்ட சாமானை நம்மட கரண்ட்டில நேர குடுக்கப் பயம்தானே?”

“நல்லது சேர்” என்றார் மச்சான்.

சேர் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தார். நேரம் ஆறு இருபது. ஸ்டெபிலைசரின் முள் இருநூற்று முப்பதில் நின்றது.