சொல்வழி கேளாத பாதம்

எங்கள் வீட்டில் சைக்கிள் மிதிப்பவள் நான். என் கணவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிதிவெடி கொண்டுபோய்ப் பல வருடமாகிறது. நான் மிதிக்க, அவர் கச்சான் கடலைப் பையோடு பின் கரியரில் இருப்பார். புளியங்குளம் சந்தியில் அவித்த கச்சான் விற்றுத்தான் எங்கள் சீவியம் போகிறது. அதனால் என் வலது பாதம் ஒரு நாள் தூக்க வராமல் போனபோது எனக்கு நன்றாகப் பயம் பிடித்தது.

கச்சான் பிடுங்கும் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருவர் காணிக்கு ஒருவர் மாறி மாறிப் போவோம். பிடுங்கிய செடிகளைக் குவித்து, சுற்றிக் குந்தியிருந்து காய் ஆய்வோம். யாராவது பலகைக்கட்டை போட்டு அதில் இருந்தால், “கலியாண வீட்டுக்கு வந்தனியோ?” என்று முதலில் நக்கலடிப்பவள் நான்தான். சாக்கு நிறையும்வரை எழும்பமாட்டேன் என்று ஒரு வீம்பு. அன்றும் அப்படி இருந்துவிட்டு எழும்பினேன். பாதம் தொங்கியது. விரல் மண்ணில் தட்டி விழுந்தேன். விறைப்புத்தானே, விடிந்தால் சரி என்று படுத்தேன். விடிந்த பிறகும் பாதம் நிலத்தில் இழுபட்டது. பெடலில் வைத்தால் வழுக்கியது.

சுளுக்கு என்று முடிவு கட்டினேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவர் சொல்ல, “ஆஸ்பத்திரி உங்களுக்குத்தான் பழக்கம்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். காலையும் மாலையும் குசினியில் குந்தியிருந்து, நொச்சி இலையை வதக்கிக் கணுக்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். ஒரு கிழமையில் தோல் சிவந்ததுதான் மிச்சம்.

கடைசியில் அவர்தான் பஸ் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எப்பிடி இருந்து ஒத்தடம் குடுத்தனீங்கள்?” என்றாள். நான் தரையில் குந்திக் காட்டினேன்.

“முதல்ல எழும்புங்கோ அக்கா.”

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் முட்டி நிற்கும் எலும்பில் என் விரலை வைத்தாள். “இதைச் சுத்தித்தான் நரம்பு போகுது. கனநேரம் குந்தினா நசியும். மருந்து கட்டிக்கொண்டே வருத்தத்தைக் கூட்டியிருக்கிறியள்.”

பாதத்தைத் தூக்கும் தசை பாதத்தில் இல்லையாம். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தில் இருக்கிறதாம். அவள் இரண்டு கை விரல்களையும் பாதி கோத்துக் காட்டினாள். “தசைக்குள்ள நார். நாருக்குள்ள இன்னும் மெல்லிய இழைகள், தடிச்சதும் மெலிஞ்சதுமா. அந்த இழைகள் கட்டையாகிறேல்லை. இப்பிடி ஒண்டுக்குள்ள ஒண்டு வழுக்கிப் போகும்.” விரல்களை உள்ளே தள்ளினாள். “அப்ப தசை கட்டையாகிப் பாதத்தை இழுக்கும். ஆனா மூளையில இருந்து நரம்பு வழியாச் சொல்லு வரவேணும். நரம்பு முடியிற இடத்தில ஒரு துளி இரசாயனம் கசியும். அது பட்டால்தான் தசை வேலை செய்யும். உங்கட தசை நல்லாத்தான் இருக்கு, சொல்லுத்தான் வந்து சேரேல்லை.”

“திரும்ப வருமோ?”

“அநேகமா வரும். மாதக்கணக்கும் எடுக்கலாம். கட்டாயம் எண்டு சொல்லேலாது அக்கா.” தினமும் தூக்க முயல வேண்டும் என்றாள். யாராவது தசையில் விரல் வைத்துப் பார்த்தால், பாதம் அசைய முன்னரே துடிப்புத் தெரியுமாம்.

திரும்பி வரும்போது ஓமந்தை தாண்டும்வரை அவர் தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டு வந்தார். பிறகு, “எனக்கு இதின்ர மறுபக்கம். சொல்லு இண்டைக்கும் போகுது, தூக்கக் கால் இல்லை” என்றார். இல்லாத காலின் பெருவிரல் கடிக்கிறது, சொறிய வேணும்போல இருக்கிறது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். “இல்லாத விரலுக்கு என்ன கடி, சும்மா இருங்கோ” என்று ஒவ்வொரு தடவையும் வாயை மூட வைத்திருக்கிறேன். பஸ்ஸில் அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து பின்னேரங்களில் நான் கதிரையில் காலை நீட்டுவேன். அவர் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு எதிரே இருந்து, என் காலில் விரல் வைப்பார். “மூண்டு எண்டதும் ரெண்டு பேரும் தூக்குவம்” என்பார். தன் இல்லாத பாதத்தை அவரும் தூக்குவார். வாரங்கள் போயின. பாதத்தைத் திட்டினேன், அழுதேன், தேவாலயத்துக்கு நேர்த்தியும் வைத்தேன். அவர் மட்டும் ஒரு நாளும் எண்ணாமல் விடவில்லை.

ஒரு பின்னேரம் மூன்று என்றவர் என் காலில் வைத்த விரலை இன்னும் அழுத்தினார்.

“துடிக்குது.”

பாதம் கிடந்தபடியே கிடந்தது. “ஆற்ற காலில?” என்று கேட்டேன்.

“உன்ர காலில. இன்னொருக்காத் தூக்கு.”

தூக்கினேன். அவர் கண் கலங்கியது. நான் குனிந்து, அவருடைய முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த தசையில் கை வைத்தேன். அங்கேயும் துடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

“இப்பவும் பெருவிரல் கடிக்குதே?” என்று கேட்டேன்.

“ஓம்.”

“எந்தப் பக்கம்?”