புதன்கிழமை ஊசி

எழுபதுகளின் கடைசியில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊசி போடப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை எங்கள் சுகாதாரக் காரியாலயத்து மருத்துவிச்சிகள் கிராமங்களோடு நின்றுவிடுவார்கள். தோட்டம் தோட்டத்தின் பாடு. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகுதான், அங்கே இருப்பவர்களும் நம் பொறுப்பு என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காரியாலயத்தில் தமிழ் பேசுகிற மருத்துவிச்சி நான் ஒருத்திதான். கேட்கவா வேண்டும்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு எதிரே இருந்த சின்ன வீட்டில் வளர்ந்தேன். அதனால் இந்தச் சனத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. கொழுந்துக் கூடையை ஒருநாள்கூடத் தலையில் மாட்டினதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

கர்ப்பிணிகளுக்கு ஏற்பு ஊசி, அதாவது டெட்டனஸ் ஊசி, இரண்டு. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு மாத இடைவெளி. அதைப் போடாவிட்டால், பிறந்த பிள்ளைக்குத் தொப்புள் வழியாகக் கிருமி போய், ஏழாம் எட்டாம் நாளில் தாடை இறுகிவிடலாம். பால் குடிக்காது. அதற்குப் பிறகு பெரும்பாலும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

காரியாலயத்தின் ஊசி நாள் புதன்கிழமை. கடைவீதிக்கும் புதன், கிராமத்துக்கும் புதன், தோட்டத்துக்கும் புதன். ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். "ஐஸ்பழமா மிஸ்ஸி?" என்று பஸ் கண்டக்டர் தவறாமல் கேட்பார். "ஊசி. ஒங்களுக்கு ஒண்ணு போடவா?" என்பேன். அதோடு வாயை மூடிக்கொள்வார்.

கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைமடுவத்தில் மேசை போட்டு உட்காருவேன். முதல் ஊசிக்கு வரிசையாக வந்தார்கள். இரண்டாவது ஊசிக்கு வரிசையே இல்லை. வராதவர்களின் பெயருக்கு நேரே சிவப்புப் பேனையால் 'வரவில்லை' என்று எழுதுவேன். எழுத எழுதக் கோபம் வரும். நான் பஸ் ஏறி, மலை ஏறி வருகிறேன், இவர்களுக்கு இறங்கி வர வலிக்கிறதா? அந்தக் கோபத்தில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

அப்படி வராமல் போனவர்களில் ஒருத்தி மேல் லயத்தில் இருந்தாள். அவளுடைய ஆண் குழந்தை எட்டாம் நாள் போய்விட்டது. அடுத்த வருடம் மறுபடி பிள்ளை உண்டானாள். இந்த முறை முதல் ஊசிக்கே அவளைக் காணோம். ஆறு மாதம் முடிந்திருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் இரண்டு ஊசிக்கும் நாள் இருக்காது. ஒரு மாலை, சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் லயத்தில் அவள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஏறினேன்.

அடுப்பங்கரையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"போன தடவ பட்டது போதாதா? ஊசிக்கு ஏன் வரல?" என்றேன். எடுத்த எடுப்பில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

அவள் கோபப்படவில்லை. மாவுக் கையோடு தன் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினாள். "ஊசி போட்டா இந்த எடம் வீங்கிப் போகுதுங்க மிஸ்ஸி. மறுநாளு கையத் தூக்க முடியல. ஒத்தக் கையில எப்புடிங்க கொழுந்து எடுக்கிறது? நெரையில பின்னுக்கு நிக்கிறேன்னு கங்காணி ஏசுறாரு. மலைய விட்டு எறங்கிப் போகச் சொல்லிட்டாரு. போன தடவ மொத ஊசிக்கே ரெண்டு நாளு வேல போச்சுங்க. ரெண்டாவதுக்கு எப்புடி வர்றது? இந்தத் தடவையும் அதே கததானுங்களே."

எத்தனை கைகளில் ஊசி குத்தியிருப்பேன். அந்தக் கை மறுநாள் என்ன செய்யும் என்று ஒருதரமாவது யோசித்தேனா? இரண்டு கையும் ஓடினால்தான் கொழுந்து எடுக்க முடியும் என்பதை எதிர்மலையில் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். வெட்கமாக இருந்தது.

"எப்ப போட்டா வருவ?"

"சனிக்கெழம அந்திக்குப் போட்டீங்கன்னா வந்துருவேன். ஞாயித்துக்கெழம வேல இல்லீங்களே. நான் மட்டுமில்ல, எல்லாரும் வருவாங்க."

எங்கள் வைத்திய அதிகாரி நல்ல மனிதர். யாருக்கும் சலுகை காட்டாதவர் என்பதில் அவருக்கே ஒரு பெருமை. விஷயத்தைச் சொன்னதும் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். எல்லோருக்கும் ஒரே ஊசி, ஒரே நாள்; தோட்டத்துக்கு மட்டும் வேறு நாள் என்றால் அது பாரபட்சம் ஆகாதா என்றார்.

"ஊசி ஒன்றுதான் சேர், ஆனால் மறுநாள் வியாழக்கிழமை எல்லோருக்கும் ஒன்றில்லை" என்றேன். "கடைக்காரர் மனைவிக்குக் கை வீங்கினால் வீட்டில் இருப்பாள். இவளுக்கு வீங்கினால் வேலையிலிருந்து விரட்டுகிறார்கள்." என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தட்டெழுதிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி என் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். சிவப்பு எழுத்துகளின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். "இவ்வளவு பேருமா?" என்று கேட்டார். பிறகு, "சரி, சனிக்கிழமை போங்கள். ஆனால் பெட்டியை அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டும்" என்றார். அன்றிலிருந்து என் சனிக்கிழமைகள் போயின. வீட்டில் முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்புவேன்.

வேலை முடிந்து கூடையோடு அப்படியே வந்தார்கள். பிள்ளைமடுவத்து வாசலில் இடமில்லாமல் கூடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருந்தது. அவளும் வந்தாள். ஒரு மாதம் கழித்து இரண்டாவதுக்கும் வந்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து மேல் லயத்துக்கு ஏறினேன். காம்பராவுக்குள் சத்தமே இல்லை. வாசலில் குனிந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. கிட்டப் போனதும் சப்புகிற சத்தம் கேட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

என்னைப் பார்த்து அவள் சிரித்தாள். பிறகு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, குறை சொல்கிற தொனியே இல்லாமல் சொன்னாள்:

"போன வருசமும் சனிக்கெழம வந்திருக்கலாமேங்க, மிஸ்ஸி."