அடுப்புக்கு ஒரு ஞானத்தகப்பன்

பாசிலியா திக்கோனாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பொலிவியாவின் எல் ஆல்ட்டோ நகரத்தில் எங்கள் பிஸ்கட் ஆலையின் பொட்டலப் பிரிவில் ஒன்பது வருஷம் அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அவள் சிரித்தால் உடம்பே குலுங்கும். என் முழங்கையும் சேர்ந்து குலுங்கும். மத்தியானம் ஆலையில் முப்பத்துமூன்று பேரும் ஒரே துணியை விரித்து, கொண்டுவந்த சோளத்தையும் கிழங்கையும் நடுவில் கொட்டிக் கையால் எடுத்துச் சாப்பிடுவோம். அவள் கிழங்குதான் முதலில் தீரும்.

ஒரு நவம்பரில் அவளை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். கூடவே ஒரு வேலையையும் தலையில் கட்டினார்கள். மாவு, அடுப்பு, பொட்டலம் என்று பிரிவுகள் இனிக் கிடையாது. எட்டு எட்டுப் பேராக நான்கு குழு, எல்லோரும் எல்லா வேலையும் பழக வேண்டும். புது மின் அடுப்பும் வந்து இறங்கியது. பிப்ரவரியில் வரும் கார்னிவல் திருவிழாச் செவ்வாய்க்குள் இது நடக்காவிட்டால் சாந்தா குரூஸ் நகரத்திலிருந்து வேறு ஆள் வருவார், பாசிலியா வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

பாவம், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்தாள். சுவரில் படம் ஒட்டினாள், பேசினாள், சந்தேகம் உண்டா என்று கேட்டாள். நாங்கள் தலையாட்டிக் கையெழுத்தும் போட்டோம். திங்கட்கிழமை அவரவர் பழைய இடத்திலேயே போய் நின்றோம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

எல்லோருடைய கண்ணும் பெரியவர் டொன் செவேரோ மேல்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பழைய அடுப்புக்கு அவர்தான் ராஜா. வாசனையை வைத்தே வேக்காடு சொல்வார்; யாருக்கும் கற்றுக்கொடுக்க மாட்டார். அவர் கையைக் கட்டினால் ஆலையே கையைக் கட்டும். அன்று துணியைச் சுற்றி நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்ததில் பாசிலியாவுக்கு இடமில்லை.

"இஞ்சினியர் அம்மாவுக்குத் தனி மேஜை இருக்குமே" என்றார் செவேரோ.

நானும் சிரித்தேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு என் வீட்டுக்கு வந்து அழுதாள். "ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லல, ஒர்த்தென்சியா. சொன்னாலாவது சண்டை போடலாம்."

எனக்கும் கோபம் வந்தது. "நீ எங்கடி கேட்ட? சொன்ன. சுவத்துல ஒட்டுன. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டியா?"

அழுகை நின்றது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த ஞாயிறு நல்ல பாவாடையும் தொப்பியுமாக வந்து என்னையும் இழுத்துக்கொண்டு செவேரோ வீட்டு வாசலில் நின்றாள். கையில் கூடை நிறைய ரொட்டி, பழம், இரண்டு பாட்டில் பீர். அந்தக் கூடைக்கு எங்களிடம் ஒரே அர்த்தம்தான்: என் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் பேர் வைத்துப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பனாக இருங்கள். கூடையை வாங்கிவிட்டால் சம்மதம்.

"உனக்குத்தான் கைக்குழந்தை கிடையாதே" என்றார் செவேரோ.

"இருக்குதுங்க. ஆயிரத்து நூறு கிலோ. வந்ததுலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல."

"அடுப்பா? என்ன, கிண்டலா?"

"கார்னிவலுக்குப் பேர் வைக்கணும். உங்கள விட்டா அதுக்கு யாரு இருக்கா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி கூடையை வாங்கி ரொட்டியை உள்ளே கொண்டுபோய்விட்டாள். "இனி என்ன பேச்சு, பாதி ரொட்டி தின்னாச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதன்பிறகு பிள்ளையைப் பெற்றவளை ஞானத்தகப்பன் கொமாத்ரே என்றும், அவரை அவள் கொம்பாத்ரே என்றும்தான் கூப்பிட வேண்டும். ரத்த உறவைவிட அது கெட்டி. செவேரோ அன்று அப்படிக் கூப்பிடவில்லை. சரி என்று மட்டும் முனகினார்.

ஆனால் திங்கட்கிழமை எங்களுக்கு முன்னால் வந்து புது அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியார் பெயரையே வைக்கப்போகிறாராம், சூடு இரண்டிலும் ஒன்றுதானாம். வேறு யாரையும் பக்கத்தில் விடவில்லை. பாசிலியா ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஞானத்தகப்பனுக்குக் காய்ச்சல் வந்தா பிள்ளை பட்டினி கெடக்குமா?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பொட்டலக்காரியான என்னைக் கூப்பிட்டார். "மூக்கக் கொண்டா. இது பச்ச வாசன. இப்ப... இதுதான் வேக்காடு. மறந்துடாத." இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கற்றுக்கொடுத்த முதல் ஆள் நான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் மற்றவர்களுக்குப் பொறாமை. எங்களுக்குப் பிள்ளை இல்லையா என்று கேட்டார்கள். பாசிலியா கெட்டிக்காரி. மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பொட்டலக்காரிகளை ஞானத்தாய் ஆக்கினாள். பொட்டலம் ஒட்டும் இயந்திரத்தை அடுப்புக்காரர்களுக்குக் கொடுத்தாள். ஞானப்பிள்ளைக்கு என்ன நோவு என்று தெரியாமல் இருக்க முடியுமா? ஒவ்வொருவரும் அடுத்தவர் வேலையைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டோம். தினக்கணக்கு எழுதும் பலகைக்கு இரண்டு ஞானத்தாய்கள் வாய்த்து, யார் எழுதுவது என்று தினமும் சண்டை.

கார்னிவல் செவ்வாய். இயந்திரங்களுக்கெல்லாம் காகித நாடா சுற்றி, பூமித்தாய் பச்சமாமாவுக்கு நாலு மூலையிலும் பீர் தெளித்தோம். சோதிக்க வந்த மேலாளர், பொட்டலம் ஒட்டுகிற அடுப்புக்காரர்களையும் மாவு பிசைகிற என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த முறையில செஞ்சீங்க?"

"கேட்டேன் சார்" என்றாள் பாசிலியா.

அவர் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். தலையில் வண்ணக் காகிதத் தூளோடுதான் திரும்பிப் போனார். சாந்தா குரூஸ் ஆளைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

துணியை விரித்தோம். பாசிலியா பழக்க தோஷத்தில் கிழங்கு மூட்டையை எடுத்துக்கொண்டு தன் மேஜைப் பக்கம் நடந்தாள். செவேரோ நகர்ந்து உட்கார்ந்து, எனக்கும் தனக்கும் நடுவில் இடம் விட்டார்.

"அங்க எங்க போறீங்க, கொமாத்ரே? கிழங்கு ஆறுது."

அவள் வந்து உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து என் முழங்கை குலுங்கியது.