பச்சை என்றால் கிரீன் மட்டும் இல்லீங்க

பனியன் துணியை வெட்டியதும் அதன் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். விரலால் நீவினால் நிமிரும், விட்டால் மறுபடி சுருளும். எங்கள் வீட்டு மூலையில் கிடந்த சாக்குக்குள் கையை விட்டால் அப்படிச் சுருண்ட துண்டுகள்தான் முதலில் விரலைச் சுற்றிக்கொள்ளும்; அதற்கப்புறம் சாயமும் மண்ணெண்ணெயும் மிஷின் எண்ணெயும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வெட்டி மிஞ்சிய துண்டுகளை "வேஸ்ட்" என்று மூட்டை கட்டி, மிஷின் துடைக்க வாங்குகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒரு சாக்கை அப்பா கேட்டு வாங்கி எனக்காகக் கொண்டுவருவார். மற்றப் பிள்ளைகளுக்குப் பொம்மை இருந்தது, எனக்கு வேஸ்ட் இருந்தது. பாவம் என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அந்தச் சாக்குக்குப் பதிலாக ஒரு கடைப் பொம்மையைக் கொடுத்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன்.

எனக்குத் தெரிந்த பாதிச் சொற்கள் அந்தச் சாக்கிலிருந்து வந்தவை. குளிர்காலத்துப் பனியனுக்கான துணி "புசுபுசு". காலர் வைத்த பனியனின் துணி கன்னத்தில் வைத்தால் "சொரசொர". உள்பனியன் துணி "வழுவழு". சலவைக்குப் போகாத புதுத்துணி "மொறமொற". பச்சையில் மட்டும் எத்தனை வகை! கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, ராமர் பச்சை, இருட்டில் கறுப்பாகத் தெரிகிற பாட்டில் கிரீன். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னால் அப்பாவுக்கு முகம் மாறிவிடும். வாசலுக்குக் கூட்டிப்போய் வெயிலில் பிடித்துக் காட்டுவார். "ஒரு கை ஒரு பச்சை, இன்னொரு கை இன்னொரு பச்சைன்னு போச்சுன்னா பனியனே போச்சு கண்ணு. ரெண்டையும் ஒண்ணுன்னு மட்டும் எப்பவும் சொல்லிப்போடாத" என்பார். வேறு எதற்கும் என்னிடம் அவர் குரலை உயர்த்தியதில்லை.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது தம்பி பிறந்தான். அந்த வருஷம் எங்கள் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் பச்சைதான். அம்மாவுக்குப் "பச்ச ஒடம்பு", அதனால் பச்சைத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. தம்பி "பச்சப் புள்ள", அதனால் நான் அவனைத் தூக்கக் கூடாது. பச்சரிசி வேறு, புழுங்கலரிசி வேறு. பச்சை முட்டையைக் குடிக்கச் சொல்லி என்னைத் துரத்துவார்கள். தம்பியைத் தூக்கவே இல்லை என்று நான் சொன்னால் "பச்சப் பொய்யி" என்பார்கள். பக்கத்துக் காம்பவுண்டில் இருந்த பிரிண்டிங் பட்டறையில் பலகை மேல் பனியன்களை விரித்துச் சிவப்பில் பூப் போட்டிருப்பார்கள், நான் எட்டிப் பார்த்தால் உள்ளிருந்து சத்தம் வரும், "தொட்டுப்போடாத சாமி, இன்னும் பச்சையா இருக்குது." சிவப்புப் பூதான், ஆனால் பச்சை. மாடி வீட்டு அக்காவின் முழங்கையில் பச்சை குத்தியிருந்தது. அதுவோ நீலமும் கறுப்புமாக இருந்தது.

குழம்பிப் போனேன் என்று நினைக்கிறீர்களா? துளியும் இல்லை. தீயில் படாததும், காயாததும், ஆறாததும், மூடி மறைக்காததும் பச்சை என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். இலை பச்சையாக இருப்பதும் அது இன்னும் காயாததால்தானே. அக்காவின் கைப் பச்சை மட்டும் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. குத்தியபோது பச்சைப் புண்ணாக இருந்திருக்கும் என்று சொல்லி அதையும் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

அந்தக் கணக்கோடுதான் ஜூன் மாதம் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே பனியன் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவள். "இவ மிஷினுக்குப் போகக் கூடாதுங்க" என்று அப்பாவிடம் சோறு போடும்போதெல்லாம் சொல்வாள். மிஷினுக்குப் போகாமல் இருக்க எங்கள் தெருவுக்குத் தெரிந்த வழி அந்தப் பள்ளி ஒன்றுதான். பச்ச ஒடம்புக்காரி வெளியே அலையக் கூடாது என்று சொந்தக்காரர்கள் தடுத்தும் கேளாமல், தம்பியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பல்லடம் பஸ்ஸில் எங்களோடு ஏறிவிட்டாள்.

தலைமையாசிரியை நல்ல மாதிரிதான், சிரித்த முகம். மேஜை மேல் ஒரு படம் போட்ட அட்டையை வைத்தார். கிளி, மரம், பாட்டில்.

"வாட் கலர் இஸ் திஸ்? இது என்ன கலர், சொல்லு பாப்பா."

"கிளிப்பச்சைங்க."

"இது?"

"இலைப்பச்சைங்க. அது பாட்டில் கிரீனுங்க. மூணும் வேற வேறங்க" என்றேன், கேட்காமலே.

அவர் அப்பாவைப் பார்த்துவிட்டு அட்டையை மூடினார். "சரி, பச்சையா இருக்கிற பொருள் அஞ்சு சொல்லு."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "தண்ணி, அரிசி, முட்டை, பொய்யி, எங்க தம்பிப் பாப்பா" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"கொழந்தைக்குக் கலர் தெரியலைங்களே" என்றார் தலைமையாசிரியை, என்னைத் தாண்டி அப்பாவிடம். "வெளியில கூட்டீட்டுப் போயிச் சொல்லிக் கொடுத்துக் கூட்டீட்டு வாங்க. இன்னொரு தடவை கேக்கறேன்."

வராந்தாவில் அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவருடைய விரல் நுனியில் கத்திரி பிடித்த காய்ப்பு. அந்த விரலால் என் மோவாயைப் பிடித்துக்கொண்டார். "கிளியைக் கேட்டா கிரீன். மரத்தைக் கேட்டா கிரீன். பாட்டிலைக் கேட்டாலும் கிரீன். எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லிப்போடு கண்ணு." சொல்லும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. அம்மா தம்பியைத் தோளில் தட்டிக்கொண்டு நின்றாள்.

உள்ளே போனோம். கிளிக்கு கிரீன் என்றேன். மரத்துக்கு கிரீன் என்றேன். பாட்டிலுக்கும் கிரீன் என்றேன். "வெரி குட்!" என்று தலைமையாசிரியை என் கன்னத்தைத் தட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டார். எடுத்தவர், விளையாட்டாக, அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியைக் காட்டி, "இப்பச் சொல்லு, தம்பிப் பாப்பா பச்சையா?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எனக்கும் அது தெரிந்தது, குழந்தைகளுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். ஆனால் தம்பியைப் பார்த்தேன். அவன் உச்சந்தலை துடித்துக்கொண்டிருந்தது.

"பச்சைதானுங்க. இன்னும் காயலீங்க" என்றேன்.

தலைமையாசிரியை பேனாவை மூடினார். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "ஏனுங்க, அவ சொன்னதுல என்னங்க தப்பு? இவன் பச்சப் புள்ள இல்லீங்களா?"

"எனக்குத் தெரியாதாம்மா? அது வீட்டுல பேசறது. இங்க நான் கலரைக் கேக்கறேன். வீட்டுப் பேச்சை வாசல்லயே விட்டுட்டு வந்தாத்தான் இங்க படிக்க முடியும்."

அம்மா தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். "அப்படீங்களா. அப்ப நாங்க ஊட்டுலயே இருந்துக்கறமுங்க" என்றாள். சத்தம் போடவில்லை, மரியாதையிலும் குறை வைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். அப்பா ஒரு நிமிஷம் அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தார்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பற்றிச் சொன்னதற்குத்தான் திட்டப் போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவரோ அம்மாவிடம், "மூணையும் ஒண்ணுன்னு சொன்னா பாரு, அதைத்தான் என்னால கேக்க முடியல. நானேதான் சொல்லச் சொன்னேன்" என்றார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். பச்ச ஒடம்பு நோகச் சிரித்தாள்.

எங்கள் தெரு முனையில் இருந்த அரசுப் பள்ளியில் சேர்ந்தேன். இதற்கப்புறம் நான் படிப்பில் கொடி கட்டிப் பறந்தேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மா பயந்தபடியே பள்ளி முடித்ததும் கம்பெனிக்குத்தான் போனேன். தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங்கில் நின்றேன், கால் வீங்கியது, அஞ்சல் வழியில் ஒரு பட்டம் வாங்கினேன், இப்போது ஒரு பிரிண்டிங் யூனிட்டில் கலர் சேர்க்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்குத் தலைமையாசிரியை முன்னால் இல்லை என்று சொல்லியிருந்தால் என் வாழ்க்கை இன்னும் சௌகரியமாக இருந்திருக்கலாம். இருக்கட்டும். இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் பச்சை என்றுதான் சொல்வேன்.

வேஸ்ட் சாக்கு இப்போது வீடுகளுக்கு வருவதில்லை. கம்பெனி வாசலிலேயே லாரி ஏற்றிவிடுகிறார்கள். கிளிப்பச்சையும் ராமர் பச்சையும் நம்பராகிவிட்டன. வெயிலில் பிடித்துப் பார்ப்பதை ஒரு மிஷின் பார்க்கிறது, அப்பாவின் கண் அளவுக்கு அது சரியாகவும் பார்க்கிறது, பொறாமைப்பட்டு என்ன செய்ய. மண்ணெண்ணெய் வாசமும், சாயத் தண்ணீரால் நாளுக்கொரு நிறத்தில் ஓடிய சாக்கடையும் போனதற்கு நான் அழப் போவதில்லை. என் சொல்லை மட்டும் விடமாட்டேன். போன வாரம் சிவப்புப் பூப் போட்ட பனியனைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. "பச்சையா இருக்குது" என்றேன். பீகாரிலிருந்து வந்த மிஷின்காரர் ஒரு நொடி யோசித்து, "கச்சா?" என்று கேட்டார். அவர் ஊரில் வேகாததற்கும் காயாததற்கும் அதுதான் பெயராம். "ஆமா, கச்சா" என்றேன். மறுபடி டிரையரில் விட்டார். இங்கிலீஷ் மீடியத்துக்குப் புரியாதது அவருக்குப் புரிந்துவிட்டது.

நேற்று தம்பி போன் செய்தான். முகம் நிறையத் தாடி வைத்துக்கொண்டு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சத்தமாக இங்கிலீஷ் பேசுகிறவன், குரலில் பயம். மகளை இன்டர்வியூவுக்குக் கூட்டிப் போகிறானாம், அதே பள்ளிக்கு.

"கலரெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டேன்க்கா. வேற என்ன சொல்லிக் கொடுக்கோணும்?"

"அவளுக்கு ஒண்ணும் வேண்டாம். நீ ஒண்ணு தெரிஞ்சுக்க. அவ சொல்றது சரின்னு உனக்குத் தெரிஞ்சா எந்திரிச்சு நில்லு" என்றேன்.

"எந்திரிச்சு நின்னா சீட்டுப் போயிருமேக்கா."

"போகட்டும். அன்னைக்கு அம்மா உன்னையும் தூக்கீட்டுத்தான்டா எந்திரிச்சு நின்னாங்க."