எதிர்வீட்டுக் கதவில் ஒரு ஸ்டிக்கர்

எதிர்வீட்டுத் தையற்காரச் செல்வியின் கதவில் கட்சி ஸ்டிக்கர் ஒன்றைப் போன வாரம் பார்த்தேன்.

பார்த்தவன் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு ஏது அந்தப் பழக்கம். "நம்ம செல்வி அந்தப் பக்கம் சாஞ்சிருச்சுய்யா" என்று ஆலங்குடி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், டீ ஆறுவதற்குள் ஒலிபரப்பிவிட்டேன்.

இன்று காலை அவளே வந்தாள். கணவர் இறந்த பிறகு தையல் மிஷின்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு போடுகிறது.

"அண்ணே, நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தப்ப யாரோ ஒட்டிட்டுப் போயிட்டாக. ஒரு வாரமா தெருவுல ஒருத்தரும் துணி குடுக்கல. குடுத்ததையும் திருப்பி வாங்கிட்டாக."

"கிழிச்சுப் போட வேண்டியதுதானே?"

"கிழிச்சா ஒட்டுனவுக சும்மா விடுவாகளா? நானும் பிள்ளையும் தனியா கெடக்கோம். எனக்கு எல்லாக் கட்சியும் வேணும்ணே. எல்லாரும்தான ஜாக்கெட் போடுறாக."

நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"மொதல்ல வந்து துணியை வாங்கிட்டுப் போனதே நம்ம மதினிதாண்ணே."

மதினி என்றால் என் மனைவி.

"யாரு கெளப்பிவிட்டாகன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்கண்ணே. ஒங்களுக்குத்தான் ஊர்ச் சேதியெல்லாம் தெரியும்."

"விசாரிக்கிறேம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

மதியம் மனைவியின் மூன்று ஜாக்கெட் துணிகளைத் தெருவே பார்க்க நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்வி கண் கலங்கிவிட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனால், நானும் அந்தக் கட்சிக்குப் போய்விட்டேனாம்.

இப்படியெல்லாம் யார் கிளப்பிவிடுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பெயர் மட்டும் வேண்டாம்.